ஜெர்மன் கோச்சுக்குப் பாராட்டு விழா

பொன்னாடையைக் கழற்ற மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார் எக்கார்ட்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற சமயம். லஸ் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம். ஏ.சி. இருக்கிறது என்று சொல்லித்தான் பிடித்தோம். இருந்தது, ஓடவில்லை. மேடையில் நாங்களெல்லாம் கைக்குட்டையும் கையுமாகத் தவித்துக்கொண்டிருக்க, எழுபது வயதைத் தாண்டிய அந்த ஆறடி ஜெர்மானியர் மட்டும் ஜரிகை போட்ட மெரூன் பொன்னாடையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்து வேர்வை சொட்டுகிறது. பொன்னாடை போர்த்தினால் உடனே எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நான் குனிந்து, “எடுத்துடலாம், ஒண்ணும் தப்பில்லை” என்றேன் இங்கிலீஷில்.

“இருக்கட்டும் மேடம். எத்தனையோ ஊர்ல வேலை பார்த்திருக்கேன். ஒருத்தரும் எனக்கு எதையும் போர்த்தினதில்லை” என்றார்.

அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்த ஒரு விஷயம் அவருக்கு மட்டும் தெரியாது. நாங்கள் அவரை வேலையை விட்டு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

முட்டி வைத்தியத்துக்கு வந்தவர்

போன வாரம் எங்கள் கால்பந்துக் கழகத்துச் சீருடை சாயம் போன கதையைப் படித்தவர்கள், ‘நீங்க எப்படிம்மா கால்பந்துக்குப் போனீங்க?’ என்று கேட்டிருக்கிறார்கள். நான் எங்கே போனேன், அதுதான் என்னைத் தேடி வந்தது. என் அப்பா கழகத்தின் செயலாளராக இருந்தார். அவர் காலமானபோது கழகத்துப் பழைய ஃபைல்கள் எல்லாம் மந்தைவெளியில் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தன. பரணைக் காலி செய்வதைவிட என்னை இணைச் செயலாளர் ஆக்கிவிடுவது சுலபம் என்று நினைத்துவிட்டார்கள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் குப்பை கொட்டி ஓய்வு பெற்ற எனக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை முழுசாகத் தெரியாது.

எக்கார்ட் சென்னைக்கு வந்தது பந்துக்காக இல்லை, முட்டிக்காக. இங்கே ஆபரேஷன் செய்துகொண்டு, கொட்டிவாக்கத்தில் ஒரு விடுதியில் தங்கி, கோலூன்றிக் கடற்கரையில் நடந்து பழகிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்டக்காரர்கள் அந்த மணலில்தான் ஓடுவார்கள். அவர்களுடைய கேப்டன் டில்லிபாபு. காலையில் பந்து, மற்ற நேரத்தில் பைக்கில் வீட்டுக்கு வீடு சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை.

ஒருநாள் டில்லி எனக்கு ஃபோன் செய்தான்.

“அக்கா, வெள்ளைக்கார பெருசு ஒண்ணு கோலை வச்சி மண்ணுல கோடு போட்டுக்கினு கீது. என்னை அதுமேல நிக்க சொல்லுது.”

“நின்னியா?”

“நின்னேன்க்கா. அதுக்கப்புறம் ஒரு பந்தும் என்னைத் தாண்டி போவல. யாருக்கா இது?”

யார் என்று விசாரித்தால், ஐந்து கண்டத்திலும் பந்தாட்டம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்த மனிதர். மூன்று நாட்டுத் தேசிய அணிகளைப் பயிற்றுவித்தவர். எங்கள் தலைவர் நாகராஜனுக்கு அன்று இரவு தூக்கம் இல்லை. தி. நகரில் புடவைக் கடை வைத்திருக்கும் மனிதர். நல்ல சரக்கு கண்ணில் பட்டால் விடமாட்டார். மறுநாளே பழக்கூடையோடு கொட்டிவாக்கம் போய் நின்றார். காகித வேலைகள் முடிந்த கதையை எழுதினால் இந்த இதழ் முழுக்க எனக்கே வேண்டும். எப்படியோ ஜெர்மானியர் அபிராமபுரத்தில் ஒரு மாடி வீட்டில் குடியேறி, நகர லீக்கின் கடைசிப் படிகளில் தொங்கிக்கொண்டிருந்த எங்கள் கழகத்தின் கோச் ஆனார்.

தமிழும் கற்றுக்கொண்டார். என்னிடம் கற்றிருந்தால் வாக்கியம் ஒழுங்காக இருந்திருக்கும். ஆட்டக்காரர்களிடம் கற்றார். ஒருநாள் காலையில் அவருடைய வீட்டுக்கார மாமி எனக்கு ஃபோன் செய்தாள்.

“கோமதி, உன் ஜெர்மன்காரர் கீழ எறங்கி வந்து, ‘இன்னா மாமி, காபி கீதா’ங்கறார்டி.”

“ஐயையோ, தப்பா எடுத்துக்காதேங்கோ மாமி.”

“தப்பா என்ன, கையைக் கட்டிண்டு அவ்வளவு மரியாதையா கேக்கறார். ரெண்டாவது டம்ளரும் கொடுத்துட்டேன்.”

முதல் பஸ்

பயிற்சி காலை ஐந்தரைக்கு. ஐந்தரை என்றால் ஐந்தரை. தாண்டி வந்தால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். தினமும் ஓடியது கேப்டன் டில்லிதான். அவன் குடும்பம் முன்பு அடையாற்றங்கரையில் இருந்தது. இப்போது அரசாங்கம் ஊர்க்கோடியில் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்து அனுப்பிவிட்டது. பைக்குக்குப் பெட்ரோல் போட்டால் அன்றைய வேலைக்குத்தான் சரியாக இருக்கும் என்று பயிற்சிக்கு பஸ்ஸில் வருவான். அதை அவன் சொல்லவும் இல்லை, எங்களில் யாரும் கேட்கவும் இல்லை.

எக்கார்ட் ஒரு வாரம் அவனை ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு ஒருநாள், யாரிடமும் சொல்லாமல், விடியுமுன் ஆட்டோ பிடித்துப் பெரும்பாக்கம் போய், டில்லி ஏறிய அதே முதல் பஸ்ஸில் தானும் ஏறினார். நடுவில் ஒரு பஸ் மாறி, நின்றுகொண்டே, ஆபரேஷன் செய்த முட்டியோடு, மைதானம் இருக்கும் மந்தைவெளி வந்து இறங்கினார். மறுநாள் முதல் பயிற்சி ஐந்தேமுக்காலுக்கு என்று மாற்றிவிட்டார்.

“பெருசு என் பஸ்ஸுல வந்துச்சுக்கா. படிக்கட்டு கம்பியைப் புடிச்சிக்கினு” என்று டில்லி என்னிடம் சொன்னபோது அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. பிறகு அவன் ஒருநாள்கூடத் தாமதமாக வரவில்லை.

ஜெயித்தோமா என்று கேட்காதீர்கள். முன்பு தோற்றால் கோலை எண்ண விரல் போதாது. இவர் வந்தபிறகு ஒரே ஒரு கோலில் தோற்க ஆரம்பித்தோம். எங்களுக்கு அதுவே பெரிய கௌரவம்.

வேலை போன ஊர்கள்

சாயந்திரங்களில் மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டபடி எக்கார்ட் தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்வார். எந்த ஊரில் எந்தக் கோப்பை என்று ஆரம்பிக்க மாட்டார். எந்த ஊரில் எப்படி வேலை போயிற்று என்றுதான் ஆரம்பிப்பார்.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. முகம் மழித்துக்கொண்டிருக்கிறார், ரேடியோவில் மந்திரி பேசுகிறார்: ‘நம் அணிக்குப் புதிய பயிற்சியாளர்.’ பாதி முகத்தில் சோப்பு நுரையோடு பெட்டி கட்டினாராம். தென்னமெரிக்காவில் மலைமேல் ஒரு ஊர். அங்கே மைதானத்துக் கதவுப் பூட்டை மாற்றிவிட்டார்கள். சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பூட்டுதான் கெட்டுவிட்டது என்று ஆள் கூட்டிவரப் போயிருக்கிறார் இவர். வளைகுடாவில் ஒரு நகரத்தில் கார் டிரைவர் வருவதை நிறுத்திவிட்டான். பசிபிக் கடலில் ஏதோ தீவு, பெயர் மறந்துவிட்டது, எனக்குப் பூகோளம் வராது. அங்கே ஜன்னல் வழியாகப் பார்த்தால் வேறொருவர் இவருடைய விசிலை ஊதிக்கொண்டிருந்தாராம்.

“எங்கயுமே ஒருத்தரும் நேர்ல சொல்லலையா?” என்று கேட்டேன்.

“எங்கயும் இல்லை. ஆனா இப்பல்லாம் எனக்கு முன்னாடியே மூக்குல வேர்த்துடும் மேடம். உலகத்துல யாரும் இனிமே எனக்குத் தெரியாம என்னை வேலையை விட்டு நிறுத்த முடியாது.”

பாவம், எங்கள் ஊரை அவர் இன்னும் பார்க்கவில்லை.

எங்கள் வழக்கம்

எங்கள் கழகத்தில் இதுவரை யாரையும் ‘போ’ என்று சொன்னதில்லை. சொல்ல நாக்கு எழாது. மனசு கஷ்டப்படும், அவர் முகத்தில் அப்புறம் எப்படி விழிப்பது, நாளைக்குக் கபாலி கோயிலில் எதிரே வந்தால் என்ன செய்வது. அதனால் பாராட்டு விழா எடுத்துவிடுவோம்.

விசில் சத்தம் காதில் விழாத நடுவரை அப்படித்தான் அனுப்பினோம். பந்துகளை வீட்டுக்கு எடுத்துப்போன பொருளாளரையும் அப்படியே. குத்துவிளக்கு, கேசரி, வாழ்த்து மடல், தலைவர் கடையிலிருந்தே பொன்னாடை. வாழ்த்து மடலில் இனிமேல் என்ன என்று ஒரு வரியும் இருக்காது. தேவையும் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் விழா என்று காதில் விழுந்ததுமே சாவியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிடுவார்கள்.

எக்கார்டுக்கு ஏன் விழா என்றால், தலைவருடைய மச்சினர் பையன் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பந்து வந்தால் நின்று தலையைக் கோதிக்கொள்வான். எக்கார்ட் அவனை வெளியே உட்காரவைத்தார். ஒரு ஆட்டம், இரண்டு ஆட்டம் என்று தலைவர் பார்த்தார். பிறகு வீட்டில் சாப்பாட்டுத் தட்டு வைக்கும் சத்தம் பெரிதாகிவிட்டதாம். கமிட்டியைக் கூட்டி, “கோச்சுக்கு ஒரு விழா எடுத்துடலாம்” என்றார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

நாற்பது நிமிஷம்

இப்போது அந்த மண்டபத்துக்கே திரும்பி வருகிறேன். தலைவர் பேசினார், நான் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் சொன்னேன். நாற்பது நிமிஷம் இருக்கும். எக்கார்ட் எங்கள் கழகத்தின் கலங்கரை விளக்கம். அவர் பாதம் பட்ட மைதானம் புண்ணியம் செய்தது. கழகம் உள்ளவரை அவர் பெயர் இருக்கும். எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ‘நீங்கள் போகலாம்’ என்கிற பொருளில் ஒரு வாக்கியமாவது வந்தால் அதையும் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை.

நன்றி சொல்ல எழுந்தார் எக்கார்ட். பொன்னாடையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில், பின்வரிசையில் இருந்த ஆட்டக்காரர்களைப் பார்த்துப் பேசினார்.

“நாளைக்கு காலைல அஞ்சேமுக்காலு. எல்லாம் வந்துடணும் நைனா. கேசரி ஜாஸ்தி துன்னவன் ரெண்டு ரவுண்டு ஓடணும்.”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு எல்லோரும் கை தட்டினோம். தலைவரும் தட்டினார். வேறு என்ன செய்வார்.

திரும்பும்போது ஆட்டோவில் எக்கார்ட் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஜெர்மனியில் அவருக்கு ஒரே மகள். அவள் தன் ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் இவருக்கு அறை சொல்லி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் வருகிறேன் என்று உறுதி சொல்லாவிட்டால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துகிற இடம்தான் தெரியுமாம்.

“இங்க எப்ப வேணும்னாலும் துரத்திடுவாங்கன்னு அவளுக்குப் பயம். எனக்கும்தான். இன்னிக்கு ராத்திரியே கூப்பிட்டு அந்த ரூம் வேண்டாம்னு சொல்லிடறேன். என்னை வச்சுக்கறதா முடிவு பண்ணிட்டாங்களே.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கே. என்ன அவசரம்?” என்றேன். “சரி, அன்னிக்கே சொல்றேன்” என்றார்.

நாசூக்காகச் சொல்லும் வேலை

மறுநாள் காலை மைதானத்துக்குப் போனால், ஒருவன் பாக்கியில்லாமல் எல்லா ஆட்டக்காரர்களும் வந்திருந்தார்கள். எக்கார்ட் விசில் ஊதிக்கொண்டிருந்தார். நான் டில்லியை ஓரமாகக் கூப்பிட்டேன்.

“நேத்து எதுக்கு விழான்னு உனக்குத் தெரியுமில்ல?”

“எல்லாருக்கும் தெரியும்க்கா. பெருசு வரச் சொல்லிச்சு, வந்தோம்.”

பத்து மணிக்குத் தலைவர் ஃபோன். “கோமதிம்மா, கோச் இன்னும் வராராமே. புதுசா ஒருத்தரை அடுத்த திங்கட்கிழமையிலேருந்து வரச் சொல்லிட்டேன். நீங்கதான் இங்கிலீஷ் நல்லா பேசுவீங்க. நாசூக்கா சொல்லிடுங்க.”

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “விழா எடுத்தவர் சொல்லட்டுமே. ஆத்துல சும்மா இருக்கறவளைப் பிடிச்சுண்டு” என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அந்த மனிதர் அங்கே இருக்கும் அறையையும் விட்டுவிட்டு, இங்கே வேலையும் இல்லாமல் நடுத்தெருவில் நிற்பார்.

செவ்வாய்க்கிழமை ஃபிளாஸ்கில் காபி எடுத்துக்கொண்டு போனேன். குடித்துவிட்டு, “சூப்பர்” என்றார். திரும்பி வந்துவிட்டேன். புதன்கிழமையும் அதே கதை. வியாழக்கிழமை காபி எடுத்துப் போகவில்லை. பயிற்சி முடிந்ததும் சுற்றுச்சுவர் நிழலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

“எக்கார்ட், ஞாயித்துக்கிழமை நடந்தது வெறும் பாராட்டு விழா இல்லை. எங்க கழகத்துல வேலையை விட்டு நிறுத்தறதை அப்படித்தான் செய்வோம்.”

எப்போதும் சிவந்திருக்கும் அவர் முகம் வெளுத்துப் போயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அப்ப அந்தப் பேச்செல்லாம்?”

“அது எல்லாம் நிஜம்தான்.”

“நிஜம்னா எதுக்கு அனுப்பறீங்க?”

மச்சினர் பையன் விஷயத்தைச் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். “எல்லா ஊர்லயும் ஒரு மச்சினர் பையன் இருக்கான் மேடம்.”

பிறகு கோலை ஊன்றி எழுந்தார். சிரிப்பு போய்விட்டது.

“நீங்க சொன்னது நல்லது. ஆனா நீங்க சொன்னா செல்லாது. பழக்கூடையோட வந்து என்னைக் கூப்பிட்டது அவர். ரேடியோ சொல்லியிருக்கு, பூட்டு சொல்லியிருக்கு. என்னைக் கூப்பிட்டவன் ஒருத்தனாவது என் முகத்தைப் பார்த்துப் ‘போ’ன்னு சொல்லட்டும். கேட்டுட்டு அந்தக் கார் தெரியற ரூமுக்கே போயிடறேன்.”

புடவைக் கடையில்

டில்லி அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டான். நான் ஆட்டோவில் பின்னால் போனேன். தி. நகரில் பாண்டி பஜார் நெரிசலில் நான் போய்ச் சேருவதற்குள் எக்கார்ட் கடைக்குள் நுழைந்து, கல்லாவுக்கு எதிரே வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முகூர்த்தப் புடவை எடுக்க வந்த கூட்டம் இவரை வேடிக்கை பார்த்தது.

“வாங்க வாங்க கோச்” என்று எழுந்த தலைவருக்கு, என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

“தலைவரே, நான் இருக்கறதா, போறதா? நீ சொல்லு நைனா” என்றார் எக்கார்ட்.

புடவை பிரித்துக்கொண்டிருந்த பெண்களின் கை அப்படியே நின்றது. தலைவர் காபி சொன்னார். காபி வந்தது. “முட்டி இப்ப எப்படி இருக்கு?” என்று விசாரித்தார். “முட்டி நல்லா கீது. இருக்கறதா, போறதா?” தலைவர் மேலே ஃபேனைப் பார்த்தார். உங்கள் மகளுக்கு என்ன கலர் பிடிக்கும் என்று ஒரு பட்டுப்புடவையை எடுத்துப் பிரித்தார். எக்கார்ட் புடவையைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது வந்து கோச்” என்று ஆரம்பித்தார் தலைவர். சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். வாசலில் டில்லி ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். தலைவர் பிரித்த புடவையை மடித்தார், மறுபடி பிரித்தார். நெற்றி வேர்வையை அந்தப் பட்டிலேயே துடைக்கப் போய்ச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

கடைசியில் சொன்னார்:

“வெயில் ரொம்ப ஏறிடுச்சு கோச். இனிமே எட்டு மணிக்குள்ள பிராக்டிஸை முடிச்சிடுங்க. பசங்க தாங்க மாட்டாங்க.”

எக்கார்ட் என் பக்கம் திரும்பினார். நான் தலையாட்டினேன். அவர் காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

நாங்கள் கிளம்பும்போது தலைவர் வாசல்வரை வந்தார். குரலைத் தாழ்த்தி, “என் மச்சினர் பையனை மட்டும், ஒரு பத்து நிமிஷமாவது, கடைசில...” என்று இழுத்தார்.

“பாக்கலாம்” என்றார் எக்கார்ட்.

சென்னையில் யாராவது ‘பாக்கலாம்’ என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மானியரும் கற்றுக்கொண்டுவிட்டார். திங்கட்கிழமை வரவேண்டிய புதுக் கோச்சிடம் தலைவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் ஏதோ விழா எடுப்பதாகக் கேள்வி.

வெள்ளிக்கிழமை

மறுநாள் எங்கள் வீட்டில் காலை டிபன் சாப்பிட வந்தார். தோசைக்கு நடுவில் மகள் ஃபோன் செய்தாள். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு ஜெர்மன் மொழியில் பேசினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் குரல் உயர்ந்தது, தாழ்ந்தது. இவர் குரல் ஒரே மாதிரி இருந்தது. ஃபோனை வைத்தபோது அவர் கண் ஈரமாக இருந்தது.

“ரூம் வேண்டாம்னு சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன்.”

“அவ என்ன சொன்னா?”

“‘அங்க உங்களை இருக்கச் சொன்னது யாரு?’ன்னு கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

தோசையைப் பிட்டுச் சட்னியில் தோய்த்துக்கொண்டே சொன்னார்:

“இருன்னு யாரும் சொல்லலை. போன்னு சொல்லத்தான் ஒருத்தருக்கும் வாய் வரலைன்னேன்.”